பிளான் அப்ரூவல் அரை மணி நேரத்துல வந்துச்சு, தண்ணி பைப்பு இன்னும் வரல – மதுரை பக்கம் வீடு கட்டுன எங்க அனுபவம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். மதுரையச் சுத்தி இடம் பாத்துட்டு இருக்கவங்க, சுயசான்று முறைல வீடு கட்டலாம்னு இருக்கவங்க ஒரு தடவ படிச்சுப் பாருங்க. ஹோட்டல்ல பரோட்டா சரியில்லன்னா மறு வாரம் வேற கடைக்குப் போயிரலாம். வீட்டு மனைய எங்கள மாதிரி ஆளுக வாழ்க்கைல ஒரு தடவ தான் வாங்குவோம், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

நான் கீழமாசி வீதில ஒரு மொத்த வியாபாரக் கடைல கணக்கு பாக்குறேன். வீட்டுல அவங்க தையல், ரெண்டு பிள்ளைக. பதினோரு வருஷம் வில்லாபுரத்துல வாடகை வீடு. 2023ல ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டுல இருந்து உள்ளடங்குன ஒரு லேஅவுட்ல 3 சென்ட் வாங்குனோம், நாலரை ஏக்கர்ல 61 பிளாட்டு. ஊர் பேரும் புரமோட்டர் பேரும் போடல, போடவும் மாட்டேன், ஏன்னா இது ஒரு ஆளோட தப்பு இல்ல, மொத்த ஏற்பாடே இப்படித்தான் இருக்கு. வாசல்ல நின்னா யானைமலை முழுசாத் தெரியும். வெள்ளன எந்திரிச்சு அதைப் பாக்குறப்ப மனசுக்கு அவ்ளோ நிறைவா இருக்கும், அதையும் சொல்லிரணும்.

முதல்ல நல்லதச் சொல்லிடுறேன். 2024 ஜூலைல அரசு சுயசான்று கட்டட அனுமதின்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. 2,500 சதுர அடிக்குள்ள மனை, அதுல 3,500 சதுர அடிக்குள்ள வீடு, தரைத்தளம் மட்டும், இல்லன்னா அதுக்கு மேல ஒரு மாடி, அவ்வளவு தான்னா யாரும் வந்து பாக்க வேண்டியதில்ல, நாமளே உறுதிமொழி குடுத்து ஆன்லைன்ல விண்ணப்பிச்சு பணம் கட்டுனா அனுமதி வந்துரும். ஐப்பசில எங்க இன்ஜினியர் ஆபீஸ்ல உக்காந்து போட்டோம். கிரயப் பத்திரம், பட்டா, லேஅவுட் அப்ரூவல் காப்பி, மனை போட்டோ, வரைபடம் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஏத்துனாரு, தனித்தனியா கட்டிட்டு இருந்த கட்டணங்கள ஒரே தொகையா சதுர அடிக் கணக்குல காட்டுச்சு, கட்டுனேன். எனக்கு டீ வாங்கிட்டு வரச் சொல்லி பையன அனுப்புனாரு, டீ வந்து குடிச்சு முடிக்கல, "சார், வந்துருச்சு பாருங்க"ன்னு ஸ்கிரீனத் திருப்புறாரு. கியூஆர் கோடோட அனுமதி உத்தரவு. எனக்கு நம்பவே முடியல. எங்க சித்தப்பா 2012ல வீடு கட்டுறப்ப ஒரு பிளான் அப்ரூவலுக்கு மாசக் கணக்கா அலஞ்சாரு, யார் யாருக்கோ என்னென்னமோ குடுத்தாரு, அதெல்லாம் கூட இருந்து பாத்தவன் நான். நான் யாருக்கும் அஞ்சு பைசா குடுக்கல. இந்தத் திட்டத்த யோசிச்சவங்களுக்கு மனசார நன்றி சொல்றேன், இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு.

அதே மாதிரி அங்கீகாரம் இல்லாத மனைகள சட்டப்படி ஒழுங்குக்குக் கொண்டு வந்ததுலயும், அதான் வரன்முறைப்படுத்துனதுலயும் நல்லது நடந்திருக்கு. 2016 வரைக்கும் மதுரையச் சுத்தி வயலு, புஞ்சை, கண்மாய்க்கரை எதுவா இருந்தாலும் நாலு கல்லு நட்டு, மஞ்சத்துணி கட்டி, வேன்ல ஆளுகளக் கூட்டிட்டு வந்து சாப்பாடு போட்டு வித்துட்டாங்க. அந்த வருஷம் செப்டம்பர்ல ஹைகோர்ட்டு அங்கீகாரம் இல்லாத மனையப் பத்திரம் பதியக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, அதுக்கப்புறம் தான் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி வித்த மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்துச்சு. இப்ப 500 சதுர மீட்டருக்கு மேலயோ 8 பிளாட்டுக்கு மேலயோ போட்டா ரேராங்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதியணும். நாங்க டிடிசிபி (லேஅவுட்டுக்கு அனுமதி குடுக்குற நகர் ஊரமைப்புத் துறை) நம்பர், ரேரா நம்பர் ரெண்டையும் பாத்துட்டுத் தான் அட்வான்ஸ் குடுத்தோம். பேங்க் லோன் அதனால தான் சுளுவா கிடைச்சுச்சு. ஈபி கனெக்‌ஷனும் பிரச்சனை இல்லாம கிடைச்சுச்சு, போஸ்ட் மரம் தெருவுலயே இருந்துச்சு.

இவ்வளவையும் பாத்து வாங்குன நானு ஒண்ணே ஒண்ணப் பாக்காம விட்டுட்டேன், அந்த நிலத்துக்கு அடில என்ன இருக்குன்னு. அடில ஒண்ணுமே இல்ல.

நோட்டீஸ்ல 'தார்ரோடு, தெருவிளக்கு, குடிநீர் வசதி, பூங்கா'ன்னு போட்டிருந்தாங்க. நாலும் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, பொய்யின்னு சொல்ல மாட்டேன். தார்ரோடு இருக்கு, 30 அடி மெயின், உள்ள 23 அடி. தெருவிளக்கு இருக்கு. பூங்காவுக்கு விட்ட இடம் கம்பிவேலி போட்டு போர்டோட இருக்கு, 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா 10 சதவீதம் பொது இடமா விட்டாகணுமில்ல, அது. குடிநீருக்கு நீலக்கலர் அடிச்ச தொட்டி ஒசக்க நிக்கிது. இடம் பாக்கப் போன அன்னைக்கு அந்தத் தொட்டிக்கு அடில நின்னு பிள்ளைகளோட போட்டோ கூட எடுத்தோம்.

பேஸ்மட்டத்துக்குத் தோண்டுறப்ப தான் கொத்தனாரு கேட்டாரு, "அண்ணே, தெருப் பைப்பு எந்தப் பக்கம் போகுது, அதுக்குத் தக்கன சம்பு வைப்போம்"னு. நான் போய் புரமோட்டர் ஆபீஸ்ல கேட்டேன். தொட்டில இருந்து முக்குக்கு முக்கு ஒரு குழாய் தான் சார், வீட்டுக்கு வீடு லைன் எங்க கணக்குல இல்லன்னு சொல்லிட்டாங்க. சரி அந்த முக்குக் குழாயிலயாவது வருமான்னா, தொட்டிக்குத் தண்ணி ஏத்துற போரு முதல் வெயிலுக்கே வத்திப் போச்சு. ரோடு, பார்க்கு எல்லாம் தானப்பத்திரமா ஊராட்சிக்கு எழுதிக் குடுத்துட்டோம், இனிமே அவங்க தான் பாக்கணும்னு இவங்க சொல்றாங்க. அங்க போய்க் கேட்டா எங்க கிட்ட நிதி இல்ல, புதுசா வந்த லேஅவுட்டுக்கெல்லாம் மெயின் லைன் திட்டத்துல சேரலன்னு பதில் வருது. ரெண்டு பேரு சொல்றதும் உண்மை தான், அது தான் பெரிய வேதனை. நம்ம மாவட்டத்துல ஊராட்சித் தலைவருக பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சு போச்சு, அப்புறம் தனி அலுவலர் தான். நாங்க வீடு கட்டி முடிக்கிறப்ப வாசல்ல போய் நின்னு "அண்ணே, எங்க தெருவ வந்து பாருங்க"ன்னு கூப்பிட ஒரு மெம்பர் கூட இல்ல.

ஒரு நாள் தண்ணிக் கதைய அப்படியே சொல்றேன், படிக்கிறவங்களுக்கு விளங்கணும். டிராக்டர் டேங்கர், 6,000 லிட்டர், 800 ரூபா. காலைல அஞ்சரைக்கு வரும், அப்ப விட்டா அந்த டிரைவர் தம்பி மத்தியானம் தான் வருவாரு, நான் கடைக்குப் போயிருப்பேன். தூரத்துல டிராக்டர் சத்தம் கேட்டதுமே வீட்டுக்காரம்மா சம்பு மூடியத் தூக்கிருவாங்க, ரெண்டு கைப்பிடி வச்ச இரும்பு மூடி, தனியாத் தூக்குனா முதுகு புடிச்சுக்கும். ஹோஸ உள்ள விட்டதும் முதல்ல கொஞ்சம் செம்மண் கலரா வரும், அதை வாசல்ல விட்டுட்டு தெளிஞ்சப்புறம் தான் சம்புக்குள்ள விடணும். அந்த செம்மண் தண்ணியக் கூட வீணாக்காம ஒரு குடத்துல புடிச்சு முருங்கைக்கு ஊத்துவாங்க. மாசத்துக்கு ரெண்டு லோடு, வெயில் காலத்துல மூணு. குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் கேன் தனி. ஹவுசிங் லோன் டியூ, தண்ணிக் காசு ரெண்டையும் கூட்டுனா வில்லாபுரத்து வாடகைய விட எவ்வளவு கூடங்கிறத நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், அதைப் பாத்தா தூக்கம் வராது.

ஏன் போர் போடலையான்னு கேப்பீங்க. பக்கத்து வீட்டு அண்ணன் போட்டாரு, 380 அடி, உப்பு. ஆறு மாசத்துல குழாய் வாய் பூரா வெள்ளையாப் பூத்துப் போச்சு. அதை விடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. பாதாளச் சாக்கடை கிடையாது, அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டேங்கும், கழிவுத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்க உறைகிணறும். மூணு மூணு சென்ட் இடம், எனக்கு இந்தப் பக்கம் அவரு செப்டிக் டேங்க், அவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தரு போரு. தள்ளித் தள்ளி வைக்க இடம் எங்க இருக்கு? 61 பிளாட்டும் நிறைஞ்சா அந்த மண்ணு எதத் தாங்கும், அந்தத் தண்ணிய எந்தப் பிள்ளை குடிக்கும்னு நெனச்சா அடிவயிறு கலங்குது. இப்ப 22 வீடு தான் வந்திருக்கு, இப்பவே ராத்திரில வாடை வருது.

இதுக்கெல்லாம் அரசுகிட்ட திட்டமே இல்லன்னு நான் சொல்லல. மதுரைக்கு முல்லைப் பெரியாறுல லோயர் கேம்ப்ல இருந்து பைப்புலயே குடிதண்ணி கொண்டு வர்ற பெரிய திட்டம் இருக்கு, ஒரு நாளைக்கு 12.5 கோடி லிட்டர். ஆனா அது மாநகராட்சி 100 வார்டுக்குப் போட்ட கணக்கு, நாங்க எல்லைக்கு வெளிய. கிராமத்துக்கு வீட்டுக்கு வீடு குழாய் குடுக்குற ஜல் ஜீவன் திட்டம், 2019ல வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு அளவு. டவுனுக்கு 135 லிட்டர்னு அளவு. எங்க வீட்டுல நாலு பேரு, 55 லிட்டர்னா மாசம் 6,600, ஒரு டேங்கர் லோடும் கொசுறும். 135னா 16,200, நாங்க காசு குடுத்து இறக்குற ரெண்டு மூணு லோடு. அதாவது நாங்க வாழ்றது டவுன் வாழ்க்கை, பேப்பர்ல கிராமம். டவுன்ல இருந்து இடம் பத்தாம வெளிய வர்ற எல்லாரும் இந்த நடுவுல தான் மாட்டிக்கிறோம். அந்த 55 லிட்டராவது வரட்டும்னு இருக்கோம், அது வேற விஷயம்.

மாநகராட்சி எல்லைக்கு உள்ள இருக்கவங்களுக்கும் சுளுவா எல்லாம் கிடைச்சுரல. 2011ல மாநகராட்சி 72 வார்டுல இருந்து 100 வார்டாச்சு, திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் எல்லாம் உள்ள வந்துச்சு. அங்க பாதாளச் சாக்கடைக்கும் குடிதண்ணிக்கும் ரோட்டத் தோண்டுற வேலை பத்து வருஷம் கழிச்சும் நடந்துச்சு. வீடு எல்லாம் நிறைஞ்சப்புறம், ரோடு எல்லாம் போட்டப்புறம், திரும்பத் தோண்டி பைப்பு பதிச்சு, திரும்ப ரோடு போட்டு. அதே பைப்ப வயலா இருந்தப்பவே பதிச்சிருந்தா எவ்வளவு காசு மிச்சம், எவ்வளவு பேரு மழைக்காலத்துல வண்டியோட விழாம இருந்திருப்பாங்க.

எனக்குத் தெரிஞ்ச கணக்குல பிரச்சனை இங்க தான் இருக்கு. அரசு வேகப்படுத்துனது எல்லாம் பேப்பர். பேப்பர் தான் அப்ப பெரிய தடையா இருந்துச்சு, அதை எடுத்தது சரி தான். ஆனா பேப்பர் வேகமா ஓட ஓட வீடும் வேகமா வருது, பைப்பு மட்டும் பழைய நடைலயே வருது. முன்னாடியாவது அப்ரூவலுக்கு ஆறு மாசம் இழுக்குறப்ப ஆளுக யோசிப்பாங்க. எங்க வீட்டுக்கு விண்ணப்பிச்சப்ப தண்ணி எங்க இருந்து வரும், கழிவு எங்க போகும்னு எங்கள யாரும் கேக்கல, நாங்களும் கேட்டுக்கல. இன்னொண்ணு, இந்த சுயசான்று வீடுகளுக்கு உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம் முழுசா விலக்கு. கேட்டப்ப சந்தோஷமா இருந்துச்சு, இல்லைங்கல. இப்ப யோசிச்சா, அந்தக் காச வாங்கிட்டு ஒரு தேதி சொல்லி, இந்த மாசத்துக்குள்ள உங்க தெருவுக்கு லைன் வரும்னு எழுதிக் குடுத்திருந்தா நான் நகைய வச்சாவது கட்டியிருப்பேன். என்னைய மாதிரி 61 பேரு கட்டுனா மெயின் லைன்ல இருந்து ஒன்றரை கிலோமீட்டர் பைப்பு பதிக்க ஒரு ஆரம்பமாவது ஆகியிருக்கும்.

வேற மாதிரியும் செய்யலாம். தோப்பூர் உச்சப்பட்டில ஹவுசிங் போர்டு துணைக்கோள் நகரம்னு 500 ஏக்கருக்கு மேல எடுத்து வச்சிருக்காங்களே, எய்ம்ஸ் வர்ற இடத்துக்குப் பக்கம், அங்க முறையே வேற. அரசே மொத்தமா நிலத்த எடுத்து, பெரிய ரோடு எங்க, பள்ளிக்கூடம் எங்க, கடை எங்கன்னு முதல்ல பிரிச்சுட்டு அப்புறம் மனை. நாங்களும் போய்ப் பாத்தோம், ரோட்டோட அகலமே ஒரு தெம்பு குடுக்கும். எனக்கு அங்க இருந்து கீழமாசி வீதிக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும், ராத்திரி கடை அடைக்க ஒம்பதரை ஆயிரும், அதனால விட்டோம். குஜராத்துல இன்னொரு வழி இருக்கு, 1976 சட்டத்துல இருந்து நகரமைப்புத் திட்டம்னு நடத்துறாங்க. நிலத்த யாருகிட்ட இருந்தும் மொத்தமா எடுத்துக்கிறதில்ல, ஒரு பகுதி விவசாயிக நிலம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, ரோட்டுக்கும் பார்க்குக்கும் பொது வசதிக்கும் ஒவ்வொருத்தர் பங்குல இருந்தும் கொஞ்சம் எடுத்துட்டு, மீதிய ஒழுங்கா சதுரிச்ச மனையாத் திருப்பிக் குடுக்குறாங்க, விலை ஏறுனதுல ஒரு பங்க வாங்கி வசதிக்குப் போடுறாங்க. தமிழ்நாட்டுலயும் நிலத்திரட்டு முறைன்னு கொண்டு வந்திருக்காங்க. அதை ஒத்தக்கடை, சிலைமான், நாகமலை பக்கமெல்லாம் செஞ்சா என் வீட்டுப் பக்கத்துல இருக்க மாதிரி ஒரு லேஅவுட் ரோடு இன்னொரு லேஅவுட் சுவத்துல போய் முட்டி நிக்காது. எங்க தெரு கிழக்க போய் ஒரு காம்பவுண்டு சுவத்துல முடியிது, சுவத்துக்கு அந்தப் பக்கமும் தார்ரோடு தான், ரெண்டும் சேரல. ஸ்கூல் வேன் சுத்திக்கிட்டு ஒரு மைல் வருது.

மழைத்தண்ணியப் பத்தி சொல்லாம விட்டா தப்பு. எங்க இடம் ஒரு காலத்துல பெரியாறு பாசனத்துல நெல்லு விளைஞ்ச வயலு. பள்ளம். கிராவல் அடிச்சு மூணரை அடி ஒசத்தித் தான் பேஸ்மட்டம் போட்டோம், முன்னாடி கட்டுன ஒருத்தரு ரெண்டடி தான் ஒசத்துனாரு, இப்ப எங்க வாசல் தண்ணி பூரா அவரு வாசல்ல. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நல்ல மனுசன், எனக்குத் தான் அவரு முகத்தப் பாக்க முடியல. தெருவோரமா மழைநீர் வாய்க்கா கட்டிருக்காங்க, காங்கிரீட்டு, ஒரு முழ அகலம், பாக்க அழகா இருக்கும். அது போய் எங்க விழுதுன்னு ஒரு நாள் பிள்ளைகளக் கூட்டிட்டு கூடவே நடந்தேன். கடைசி பிளாட்ட தாண்டுனதும் சீமைக்கருவேலத்துக்குள்ள போய் சட்டுன்னு நின்னுருச்சு, அதுக்கு மேல வெறும் மண்ணு. பழைய வரத்துக்கால் அங்க தான் போயிருக்கு, மண்ணு தள்ளி மூடிட்டாங்க. அது வழியா தான் கண்மாய்க்குத் தண்ணி போகும்னு ஆடு மேச்சுக்கிட்டு இருந்த பெரியவரு கையக் காட்டிச் சொன்னாரு. 2024 அக்டோபர் கடைசில மதுரைல பெஞ்ச மழைல செல்லூர் பக்கம் பந்தல்குடி வாய்க்கா நிறைஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி போனத எல்லாரும் பாத்தோம். டவுனுக்குள்ள நடந்தது வெளியயும் நடக்குறதுக்கு இப்பவே நாங்க வழி பண்ணிட்டு இருக்கோம்.

இடம் பாக்கப் போறவங்க டிடிசிபி, ரேரா, பட்டா, வில்லங்கம் எல்லாம் பாருங்க, அதோட ரெண்டு வேலை சேத்துச் செய்யுங்க. ஒண்ணு, அந்த லேஅவுட்ல ஏற்கனவே குடியிருக்க ஒரு வீட்டுக் கதவத் தட்டி "அக்கா, ஒரு செம்பு தண்ணி குடுங்க"ன்னு கேளுங்க, அவங்க கேன்ல இருந்து ஊத்துறாங்களா குழாயில இருந்து புடிக்கிறாங்களான்னு பாருங்க. ரெண்டு, மழை பெஞ்ச மறுநாள் போங்க. வெயில்ல போனா எல்லா இடமும் நல்லாத் தான் தெரியும்.

மார்க்கு போடணும்னா சுயசான்று அனுமதிக்கு அஞ்சு, பட்டா ரெஜிஸ்ட்ரேசனுக்கு நாலு, ரோடு லைட்டுக்கு மூணரை, தண்ணிக்கும் கழிவுக்கும் என்னால ஒரு மார்க்கு கூடப் போட முடியல. தண்ணி வந்தா வந்து மாத்துறேன், மாத்தணும்னு தான் ஆசப்படுறேன்.

இப்ப 22 வீட்டுக்காரங்களும் சேந்து ஒரு மனு எழுதியிருக்கோம். மெயின் லைன் எங்க வரைக்கும் வந்திருக்கு, அங்க இருந்து எங்க தெருவுக்கு எவ்வளவு தூரம், எத்தன வீடு, வரத்துக்கால் எந்த சர்வே நம்பர்ல போகுதுன்னு எஃப்எம்பி படம் (சர்வே நம்பர் வாரியான நில அளவைப் படம்) எடுத்து சிவப்பு மைல கோடு போட்டு வச்சிருக்கோம், இன்ஜினியர் தம்பி காசு வாங்காம வரைஞ்சு குடுத்தாரு. அடுத்த கிராம சபைல தீர்மானத்துல ஏத்தச் சொல்லிக் கேக்கப் போறோம். பக்கத்து லேஅவுட்ல இருந்தும், அதான் அந்த சுவத்துக்கு அந்தப் பக்கம், பதினாறு வீட்டுக்காரங்க கையெழுத்து போட்டுருக்காங்க.